நான்கு சொட்டு எண்ணெய்

என் மகன் வெல்டிங் கற்றுக்கொண்டது மொத்தம் மூன்று நாள். முதல் நாள் சீருடை வாங்கினான். இரண்டாம் நாள் அந்தச் சீருடையில் நின்று படம் எடுத்துக்கொண்டான். மூன்றாம் நாள், முகமூடி போட்டால் முகம் தெரியாது என்று அதைத் தலைக்கு மேலே தூக்கிவிட்டு, பொறி பறக்கும்போது தன்னையே வீடியோ எடுத்தான். அன்று சாயங்காலம் கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்டதுபோல் இருக்கிறது என்று கட்டிலில் புரண்டு அழுதான். அவனுக்கு வயது முப்பத்திரண்டு. அவன் அம்மா ஈரத்துணியை மாற்றி மாற்றி வைத்தாள். இரண்டு நாளில் சரியாகிவிடும் என்றார் டாக்டர். கண் சரியாகிவிட்டது. ஆள்தான் அந்தப் பயிற்சி நிலையம் இருக்கும் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை.

இது எனக்குப் புதிதல்ல. செல்போன் பழுது பார்ப்பது, கண்ணாடி அறுப்பது, மீன் தொட்டி விற்பது என்று எதை எடுத்தாலும் அவன் ஆரம்பத்தில் சூரன். என்னை வியப்பில் ஆழ்த்தியது வேறு. ஆறு மாதப் பயிற்சியில் அவனுடைய இடம் வீணாகப் போகவில்லை. ஒருவர் விலகினால் அதே குடும்பத்தில் இன்னொருவர் சேரலாம் என்று அங்கே ஒரு விதி இருந்திருக்கிறது. அந்த இடத்தில் போய் உட்கார்ந்தவள் அவன் மனைவி, என் மருமகள்.

என்னிடம் தையல் வகுப்பு என்று சொல்லியிருந்தார்கள். என் மனைவியும் அதற்கு உடந்தை. ஐந்து மாதம் நான் தையல் வகுப்பு என்றே நம்பினேன். வீட்டுத் தையல் இயந்திரத்துக்கு மாதம் ஒருமுறை எண்ணெய் போட்டுச் சுத்தம் செய்பவன் நான்தான். இந்த ஐந்து மாதத்தில் ஊசியில் நூல்கூட மாறவில்லை. அதைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை என்பதை இப்போது எழுதும்போதும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

என் தம்பி வந்து சொன்னான். அடுத்தவர் வீட்டு அவமானம் என்றால் அவனுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

"என்னண்ணே, உங்க மருமக இரும்புக்குத் தையல் போடறாளாமே?"

"என்ன உளறல்?"

"நான் எங்க உளறறேன்? ஊரே பாக்குது. இருபது தடிப்பசங்களுக்கு நடுவுல முகமூடி மாட்டிக்கிட்டு நிக்கறா. நாளன்னைக்குப் பரீட்சையாம். பாஸாயிட்டா பைப் கம்பெனியில வேலையாம். ஆமா, அவ வேலைக்குப் போயிட்டா உங்க பையன் என்ன பண்ணுவான்? கோலமாவு அரைப்பானா?"

அவன் சொன்னதில் கடைசி வாக்கியம்தான் என்னைச் சுட்டது, அது உண்மை என்பதால்.

நான் நூற்பாலையில் முப்பத்தெட்டு வருடம் மெக்கானிக். கடைசிப் பன்னிரண்டு வருடம் தலைமை மெக்கானிக். எங்கள் குடும்பத்தில் சம்பாதிப்பது ஆண்கள் வேலை. அது சரியா தவறா என்று யாரும் என்னிடம் கேட்டதில்லை, நானும் யாரிடமும் கேட்டதில்லை. மறுநாள் மத்தியானம் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு மருமகளைக் கூட்டிவரக் கிளம்பினேன். என் மனைவி வாசல்வரை பின்னாலேயே வந்தாள்.

"ஏங்க, நாளைக்கு ஒருநாள்தாங்க. பரீட்சை எழுதட்டுமே."

"எழுதிட்டு?"

எழுதினால் மருமகள் தேறிவிடுவாள் என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது.

பயிற்சி நிலையத்தின் வாசலில் ஒரு பெண் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். யாரைப் பார்க்க வேண்டும் என்றாள். வெல்டிங் பிரிவில் என் மருமகளை என்றேன். "ஓ, நம்ம அக்காவா!" என்று முகம் மலர்ந்தாள். எங்கள் வீட்டுப் பெண் இந்தக் கும்பல் முழுவதற்கும் அக்காவாகியிருக்கிறாள் என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன். ஒரு பிளாஸ்டிக் தலைக்கவசத்தையும் கண்ணாடியையும் நீட்டினாள். தலைக்கவசத்தில் யாரோ ஒருவருடைய தலைநாற்றம். கையில் பிடித்துக்கொண்டு போனேன். போட்டுக்கொள்ளுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. நேராகக் கொட்டகைக்குள் போய்விட்டேன், கூட வரவும் யாரும் இல்லை. ஒரு தொழிற்கூடத்தின் லட்சணத்தை அதன் வாசலிலேயே தெரிந்துகொள்ளலாம்.

உள்ளே தகரக் கூரை. தடித்த திரைகளால் பிரித்த தடுப்புகள். ஒவ்வொரு தடுப்புக்குள்ளும் நீல வெளிச்சம் வெட்டி வெட்டி அணைந்தது. சுவரெல்லாம் பாதுகாப்பு அறிவிப்புகள் ஒட்டியிருந்தார்கள். அவற்றின்மேல் ஆணி அடித்துத் தோல் மேலங்கிகளை மாட்டியிருந்தார்கள். படிக்க வேண்டியதை மறைத்து மாட்டுவதற்கு எவ்வளவு புத்தி வேண்டும்! அவர்களுடைய வாத்தியார் ஒரு நோட்டைப் பார்த்து ஏதோ ஒப்பித்துக்கொண்டிருந்தான். இருபத்தெட்டு வயது இருக்கும். கழுத்தில் விசில். கைகளைப் பார்த்தேன். ஒரு சூட்டுத் தழும்புகூட இல்லை.

அவளைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. எல்லோரும் ஒரே மாதிரிக் காக்கிப் பருத்திச் சட்டையில் கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தார்கள். கூடத்தின் கோடியில், இரும்புத் தகடு வெட்டும் இடத்தில், சுவரோடு சங்கிலி போட்டுக் கட்டியிருந்த ஒரு சிலிண்டர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தவள் திரும்பினாள். தலைமுடி முழுவதையும் தொப்பிக்குள் செருகியிருந்தாள்.

"மாமா! என்ன இங்க? அத்தைக்கு ஏதாவது..."

"அத்தைக்கு ஒண்ணுமில்ல. கெளம்பு."

"எங்க மாமா?"

"எங்கன்னா? வீட்டுக்கு."

"நாலரைக்குத்தான் விடுவாங்க."

"நாலரைக்கு இல்ல. இனிமே இங்க வர வேண்டாம்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கையில் பாதி கழற்றிய ரெகுலேட்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஆக்ஸிஜன் சிலிண்டர் மாத்திட்டிருக்கேன் மாமா. இதப் பாதியில விட முடியாது. முடிச்சிட்டு வரேன், பேசலாம். அந்த மஞ்சக் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஸ்டூல் இருக்கு, உக்காருங்க."

உட்காரச் சொன்னதால் உட்காரவில்லை. நின்றேன். அவள் புதுச் சிலிண்டரின் வாயில் ரெகுலேட்டரைப் பொருத்தி மறையைத் திருகினாள். அது கிறீச்சென்றது. என் பல் கூசியது. மறுபடி திருகினாள், மறுபடி கிறீச். வறண்ட மறை. முப்பத்தெட்டு வருடம் என் கையில் எந்த இயந்திரமும் அப்படிக் கத்தியதில்லை. கிறீச்சிடும் இயந்திரம் என் கணக்கில் குளிக்காத ஆள்.

"இந்த ஸ்பேனர் வாய் தேஞ்சிருக்கு. வேற வாங்கிட்டு வரேன்," என்று ரெகுலேட்டரைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுச் சாமான் அறைக்குப் போனாள்.

அப்போது ஒருவன் திரையை விலக்கித் தலையை நீட்டினான். மூக்கெல்லாம் கரி.

"என்ன தாத்தா, உங்களுக்கும் சீட் வேணுமா? அடுத்த பேட்ச்ல சேந்துருங்க, வயசு வரம்பு இல்ல!"

பக்கத்துத் தடுப்பில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

"மொதல்ல மூக்கத் தொடச்சிட்டு வா. அப்புறம் பேசு."

அவன் இளித்துக்கொண்டே உள்ளே போய்விட்டான். மறுபடி நீல வெளிச்சம்.

என் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்னப் புட்டி இருக்கும். நீண்ட மூக்கு, மெல்லிய இயந்திர எண்ணெய். வீட்டில் கதவுக் கீல், மின்விசிறி, தையல் இயந்திரம், பக்கத்து வீட்டுக் குழந்தையின் சைக்கிள் எல்லாவற்றுக்கும் அதுதான் மருந்து. மஞ்சள் கோட்டைத் தாண்டிப் போனேன். ரெகுலேட்டரின் மறையில் இரண்டு சொட்டு, சிலிண்டர் வாயில் இரண்டு சொட்டு. விரலால் ஒரு சுற்றுத் தடவிவிட்டேன். ஆறு மாதம் பாடம் நடத்தி ஒரு மறைக்கு எண்ணெய் போடச் சொல்லிக்கொடுக்காத வாத்தியாரை நினைத்து எனக்குச் சிரிப்புகூட வந்தது. திரும்பி வந்து பழைய இடத்தில் நின்றுகொண்டேன்.

அவள் வந்தாள். வலது கையால் ரெகுலேட்டரை எடுத்தாள். சிலிண்டர் வாய்க்குக் கொண்டுபோனவள், பாதியிலேயே நின்றாள். குனிந்து பார்த்தாள். சுட்டுவிரலால் மறையைத் தொட்டுக் கட்டைவிரலோடு தேய்த்தாள். மூக்கின் அருகில் வைத்தாள்.

அந்த முகத்தை நான் எங்கள் வீட்டில் பார்த்ததே இல்லை.

"நிறுத்துங்க! எல்லாரும் நிறுத்துங்க! கேஸ மூடு! வெளிய போங்க, வெளிய!"

என் வீட்டில் அவள் குரல் சமையலறையைத் தாண்டியதில்லை. இப்போது தகரக் கூரை அதிர்ந்தது. ஒவ்வொரு தடுப்பாக வெளிச்சம் அணைந்தது. இருபது தடிப்பசங்களும் ஒருவன்கூட ஏன் என்று கேட்காமல் முகமூடியைத் தூக்கிவிட்டு வரிசையாக வெளியே போனார்கள். சற்று முன் என்னைத் தாத்தா என்றவன் என் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனான். அவள்தான் கடைசி. சிலிண்டரில் ஒரு சிவப்பு அட்டையைக் கட்டிவிட்டு வந்தாள்.

வாத்தியார் விசிலை ஊதிக்கொண்டு ஓடிவந்தான். ஏற்கெனவே எல்லோரும் வெளியே வந்தபிறகு ஊதினான்.

"என்ன? என்ன ஆச்சு?"

"ஆக்ஸிஜன் வால்வுல எண்ணெய் சார். ரெகுலேட்டர்லயும்."

அவன் முகம் வெளிறியது. நோட்டைப் பார்க்காமலே ஒப்பித்தான். அது ஒன்றுதான் அவனுக்கு மனப்பாடம் போலிருக்கிறது. "அழுத்தத்துல வர்ற ஆக்ஸிஜன் எண்ணெய் மேல பட்டா தீக்குச்சியே வேண்டாம், தானாப் பத்திக்கும், வெடிக்கும். எண்ணெய்க் கையால தொடாதீங்கன்னு மொத நாளே சொன்னேனா இல்லையா?"

"வால்வத் தொறந்திருந்தா ரெகுலேட்டர் என் கையோட சேந்து பறந்திருக்கும் சார்," என்றாள் அவள். மெதுவாகத்தான் சொன்னாள்.

முப்பத்தெட்டு வருடம் நான் இயந்திரம் பார்த்தவன். அதில் பருத்தி இருந்தது, நூல் இருந்தது, எண்ணெய் இருந்தது. ஆக்ஸிஜன் இல்லை. தெரியாத ஒன்றில் தெரிந்தவனைப்போல் கைவைப்பவர்களை நான் ஆலையில் வாசலோடு விரட்டியிருக்கிறேன்.

"யாரு போட்டது?" என்றான் வாத்தியார். "இன்னைக்கு சிலிண்டர் மாத்தற முறை யாருது?"

"என்னோடது சார்."

"அப்ப நீதான் பொறுப்பு. பாதுகாப்புப் பிழை. பதிவேட்டுல எழுதிட்டா நாளைக்கு டெஸ்ட் கெடையாது, தெரியுமில்ல? அடுத்த வருஷம்தான்."

"சார், நான் எண்ணெயையே தொடல சார்."

"பின்ன யாரு, பேயா வந்து போட்டுச்சு?"

அவள் என் பக்கம் திரும்பினாள். கண் நேராக என் சட்டைப் பைக்குப் போயிற்று. புட்டியின் மூக்கு பைக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டுத் தையல் இயந்திரத்திலிருந்து மாதாமாதம் வரும் அந்த வாசனையை அவள் விரலிலேயே கண்டுகொண்டிருக்கிறாள். ஒரு கணம்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

"தெரியல சார்," என்றாள்.

நான் எதற்கு வந்தேனோ அது என் கைக்கு வந்துவிட்டது. நான் வாயைத் திறக்க வேண்டியதுகூட இல்லை. நாளைக்குப் பரீட்சை இல்லை, சான்றிதழ் இல்லை, பைப் கம்பெனி இல்லை. தம்பியின் வாய் அடைக்கப்பட்டுவிடும். குடும்ப மானம் பத்திரமாக வீட்டுக்கு வந்துவிடும், அதுவும் அவளுடைய முதுகில் ஏறி. நாலு சொட்டு எண்ணெயால் அவள் கை போயிருக்கும். அது போகவில்லை என்றதும் அவளுடைய பரீட்சையை எடுத்துக்கொண்டு, வெள்ளைச் சட்டையோடு நடந்து போகலாம். அந்த மாதிரி மனிதர்களை எனக்குத் தெரியும். ஆலையில் தங்கள் தப்பை உதவியாளன் தலையில் கட்டிவிட்டுப் போகும் மேஸ்திரிகள் இருந்தார்கள். அவர்கள் உட்கார்ந்த பெஞ்சில் நான் உட்கார மாட்டேன். இப்போது அந்த பெஞ்சில் எனக்கு இடம் போட்டு வைத்திருந்தாள் என் மருமகள், என்மேல் வைத்த மரியாதையால். அந்த மரியாதையைத் தாங்கிக்கொள்ள என்னால் முடியவில்லை.

"நான்தான் போட்டேன்," என்றேன்.

"யாரு நீங்க?"

"அவ மாமனார்."

யாரோ ஒருவன் சிரிப்பை அடக்கினான். வாத்தியார் என்னை மேலும் கீழும் பார்த்தான். பெரிய மனது செய்கிறானாம், குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"சரி பெரியவரே, தெரியாமப் பண்ணிட்டீங்க. உங்க பேரெல்லாம் வேண்டாம். துடைக்கும்போது ஏதோ தவறுதலா பட்டுடுச்சுன்னு எழுதிக்கறேன்."

"தவறுதலா ஒண்ணும் படல. பையிலேர்ந்து எடுத்து, மூடியத் தொறந்து, நாலு சொட்டு எண்ணிப் போட்டேன். அப்படியே எழுது."

"எதுக்குங்க..."

"எழுதுப்பா. இன்னொண்ணும் எழுது. நான் வாசல்லேர்ந்து சிலிண்டர் வரைக்கும் தனியா வந்தேன். யாரும் தடுக்கல, கூட வரல, கோட்டுக்கு இந்தப் பக்கம் நில்லுன்னு சொன்னது இந்தப் பொண்ணு ஒருத்திதான். அதக் கேக்காதது நான். தலைக்கவசம் என் கையிலதான் இருக்கு, பாரு. பயிற்சி நேரத்துல கூடத்துக்குப் பொறுப்பு யாரு?"

அவன் விசிலைத் தடவினான்.

"அதையும் எழுதணுமா?"

"ரெண்டையும் எழுது. இல்லன்னா நானே எழுதறேன்."

நானே எழுதினேன். அவன் கையெழுத்து நாலு வரிக்குமேல் தாங்காது என்று தெரிந்துவிட்டது. கரி படிந்த மேஜையில் அந்த நீளப் பதிவேட்டைத் திறந்து, தேதி, நேரம், இடம், நடந்தது, காரணம் என்று கட்டம் கட்டமாக நிரப்பினேன். 'பயிற்சி மாணவருக்கு உறவு' என்று ஒரு கட்டம். மாமனார் என்று எழுதினேன். 'பயிற்சி மாணவரின் செயல்பாடு' என்று ஒரு கட்டம். எண்ணெயைக் கண்டுபிடித்தார், வால்வைத் திறக்கவில்லை, எல்லோரையும் வெளியேற்றினார் என்று எழுதினேன். என் பெயரைத் தெளிவாக, எழுத்து எழுத்தாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எங்கள் குடும்பத்தின் பெயர் இப்படி ஒரு புத்தகத்தில் ஏறியது அதுதான் முதல் தடவை.

வாத்தியார் அதை இரண்டு முறை படித்தான். தன் பெயரை எங்கே போடுவது என்று தேடினான் போலும். பிறகு, "நாளைக்கு ஒம்பது மணிக்கு வந்துடும்மா," என்றான் அவளிடம். என்னிடம், "நீங்க இனிமே உள்ள வரக்கூடாதுங்க," என்றான். அவன் அன்று சொன்னதில் அந்த ஒரு வாக்கியத்தைத்தான் நான் முழுவதுமாக ஒப்புக்கொண்டேன்.

நாலரைக்கு அவள் வெளியே வந்தாள். நான் எதிர்ப்புறம் நிழலில் நின்றேன். சேர்ந்து நடந்தோம். எங்கள் தெரு திரும்பும் இடத்தில் அவள் நின்றாள்.

"மாமா, ஒண்ணு சொல்லட்டுமா?"

"சொல்லு."

"அந்தத் திரைக்குப் பின்னால ரெண்டு பசங்க நின்னுட்டிருந்தாங்க. ஒருத்தனுக்குப் போன மாசம்தான் கல்யாணம் ஆச்சு. தெரிஞ்ச மாதிரி கை வச்சிட்டீங்க."

"ம்."

"நீங்க ஒத்துக்கலன்னாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன். ஆனா வீட்டுக்கு வந்து உங்ககூடப் பேசியிருக்கவும் மாட்டேன். எப்பவும்."

என் முகத்துக்கு நேரே அப்படி யாரும் பேசியதில்லை, என் அப்பாவைத் தவிர. மரியாதையில்லாத பேச்சு என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அதில் தவறு எங்கே என்று தேடினேன், கிடைக்கவில்லை. அதனால் நடந்தேன்.

வீட்டில் தம்பி வந்து காத்திருந்தான். வேடிக்கை பார்க்க நல்ல நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்திருந்தான். என் மனைவி கதவுப் பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"வாங்கண்ணே! கூட்டிட்டு வந்துட்டீங்களா? அப்பாடா. நாலு பேருக்கு முன்னால இனிமே தலநிமிந்து நடக்கலாம்."

"நாளைக்கு ஒம்பது மணிக்குப் பரீட்சை. போறா."

"போறாளா? அப்ப நீங்க எதுக்குப் போனீங்க?"

"எண்ணெய் ஊத்த."

அவனுக்குப் புரியவில்லை. புரியவைக்க நான் மெனக்கெடவும் இல்லை. கொஞ்ச நேரம் என் முகத்தையும் மருமகள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கிடைத்தது போதாது என்ற முகத்தோடு எழுந்து போனான்.

மருமகள் சட்டையைக் கழற்றிக் கொண்டுவந்து காட்டினாள். வலது கைப்பட்டியில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு எண்ணெய்க் கறை. மறையை விரலால் தொட்டபோது பட்டிருக்கிறது. எண்ணெய் பட்ட துணியோடு பரீட்சைக்கு நிற்கவிட மாட்டார்கள், வேறு சட்டையும் இல்லை என்றாள். துவைக்க வாளியை எடுக்கப் போனாள்.

"நீ வை," என்றேன். "போய்ப் படி."

என் மகன் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு செல்போனில் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தான். சட்டையை அவன் மேலே போட்டேன்.

"என்னப்பா இது?"

"சட்டை. உனக்கு வாங்கின சட்டைதான், மறந்துட்டியா? துவை."

"நானா?"

"பின்ன நானா?"

"அம்மா..." என்றான். அவன் அம்மா அடுப்பில் ஏதோ முக்கியமான வேலை இருப்பதுபோல் உள்ளே போய்விட்டாள். முப்பத்திரண்டு வருடத்தில் அவள் செய்த முதல் உருப்படியான காரியம்.

குழாயடியில் உட்கார்ந்தான். சோப்பைச் சட்டைக்குக் காட்டிவிட்டுத் தண்ணீரில் முக்கி எடுத்தான். செல்போனில் காட்டும்போது எல்லாம் சட்டென்று முடிந்துவிடும் அல்லவா, அந்தப் பழக்கம். "போதுமாப்பா?" என்றான்.

"மோந்து பாரு."

மோந்தான். முகத்தைச் சுளித்தான். "இன்னும் வருது."

"அப்ப துவை."

மறுபடி சோப்புப் போட்டான். பக்கத்து வீட்டுக்காரர் மதில்மேலே எட்டிப் பார்த்தார். பார்க்கட்டும் என்று நான் குழாய்க்குப் பக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.